பான் மீ: பெயர் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம்?

பான் மீ: 1. கோதுமை ரொட்டி. 2. அந்த ரொட்டியைப் பிளந்து இறைச்சி, ஊறவைத்த காய், கொத்தமல்லி, மிளகாய் அடைத்துத் தரும் வியட்நாம் சாண்ட்விச்.

வெளிநாட்டு உணவகங்களில் இரண்டாவது பொருள்தான் புழங்குகிறது. வியட்நாமிலோ வெறும் ரொட்டியும் பான் மீதான். முதல் எழுத்தை 'பஸ்' என்னும்போது வரும் ப போல ஒலிக்க வேண்டும்.

'பான்' என்பது மாவுப் பண்டங்கள் பலவற்றுக்குமான பொதுப்பெயர். அவித்தது, சுட்டது, பொரித்தது, இனிப்பு, காரம் என எல்லாம் அதில் அடங்கும். 'மீ' என்றால் கோதுமை. இரண்டுமே சீன மொழியிலிருந்து வியட்நாமியத்துக்கு வந்தவை.

பிரெஞ்சில் 'பான் த மி' என்றொரு ரொட்டி உண்டு. பெயர் அதிலிருந்துதான் திரிந்தது என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்புதலில்லை. அது ஓரம் மெத்தென்ற ரொட்டி. பான் மீக்கு மேலோடு மொறுமொறுவென்று இல்லாவிட்டால் மரியாதையே கிடையாது. அதைவிட வலுவான சான்று அகராதியில் இருக்கிறது. பாதிரியார் தபேர் தொகுத்து, வங்காளத்துச் செராம்பூரில் 1838இல் அச்சான வியட்நாமிய அகராதியிலேயே இந்தச் சொல் உண்டு. பிரெஞ்சுப் படை தெற்கு வியட்நாமின் சைகோன் நகரத்தைப் பிடித்ததோ 1859இல்.

ரொட்டியைப் பரப்பியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான், அதில் சந்தேகமில்லை. 'பான் தாய்' என்ற பழைய பெயரே அதைக் காட்டிக்கொடுக்கும். 'தாய்' என்றால் மேற்கு. நம் வழக்கில் 'சீமை'. உருளைக்கிழங்கு அங்கே இன்றும் 'சீமைக் கிழங்கு'தான். சாண்ட்விச்சின் உள்ளே வைப்பவற்றில் பிரெஞ்சு அப்படியே கிடக்கிறது: ஈரல் விழுது 'பாத்தே', வெண்ணெய் 'பெர்', மஞ்சள் கரு உடையாமல் பொரித்த முட்டை 'ஓப் லா'.

தட்டில் தனித்தனியாக வைத்துச் சாப்பிட்டதை ரொட்டிக்குள் அடைத்துக் கையில் கொடுத்தது சைகோன். 1954இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து வந்தவர்கள் நடத்திய ஹோவா மா கடைக்கு அந்தப் பெருமையைச் சொல்வார்கள். கடை 1958இலிருந்து இருக்கிறது. 1975இல் போர் முடிந்த பிறகு அகதிகளோடு பான் மீயும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. 2011இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. மெனுவில் 'ஃப்யூஷன்' என்று போடுவதைப் பார்த்தால் ஏதோ நேற்று ஒரு சமையல்காரர் யோசித்துக் கலந்தது போலத் தோன்றும். அப்படியில்லை.

நல்ல பான் மீயைக் கடித்தால் மேலோடு நொறுங்கிச் சட்டையெல்லாம் தூள் விழும். உள்ளே பஞ்சுபோல லேசாக இருக்க வேண்டும். ரொட்டியின் உட்பகுதி கெட்டியாக இருந்தால் மற்றது எதுவும் நாக்குக்கு எட்டாது. ஒரு பக்கம் பாத்தே, மறுபக்கம் முட்டை மயோனைஸ், நடுவே பன்றி இறைச்சித் துண்டு. கொழுப்பை வெட்டத்தான் காடியில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும். அதன் பெயரே 'தோ சுவா', அதாவது புளித்தது. நீளவாக்கில் வெள்ளரி, காம்போடு கொத்தமல்லி, பச்சை மிளகாய். என்னைக் கேட்டால் காய் குறைந்த பான் மீக்குக் காசு கொடுக்கக் கூடாது.

தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் வேண்டுமானால் 'கோதுமை அப்பம்'. 'பான்' அளவுக்கு அகலமான சொல் நம்மிடம் 'அப்பம்' ஒன்றுதான். தேவாலயத்தில் நற்கருணை அப்பம் என்கிறோமே, அதை வியட்நாம் கத்தோலிக்கர்கள் 'பான் தான்', அதாவது திரு அப்பம் என்கிறார்கள். ஈழத்தில் ரொட்டியைக் குறிக்கும் 'பாண்' ஒலியில் நெருக்கம், உறவில் இல்லை. அது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது.

ஆனால் கடையில் போய்க் கோதுமை அப்பம் கேட்டால் பரிமாறுபவர் விழிப்பார். தோசையை நாம் யாருக்காகவும் மொழிபெயர்ப்பதில்லை. இதையும் பான் மீ என்றே எழுதலாம், முதல்முறை வரும்போது 'வியட்நாம் ரொட்டி சாண்ட்விச்' என்று ஒரு விளக்கத்தோடு. கோழி வேண்டுமென்றால் 'பான் மீ கா', சைவம் என்றால் 'பான் மீ சாய்'. சைவம் கேட்பவர்கள் பாத்தேயும் மயோனைஸும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.