குறைவாகச் சாப்பிட்டால் எடை குறைவது நின்றுவிடுமா?

இந்த மாதத்தில் மட்டும் இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாமவர். முப்பத்தாறு வயது ஆசிரியை. பள்ளி மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதற்கு மறுநாள், கணவருடன் வந்திருந்தார். தினமும் 800 கலோரிதான் சாப்பிடுவதாகவும், ஆனாலும் ஐந்து வாரங்களாக எடை 72 கிலோவை விட்டு அசையவில்லை என்றும் சொல்லி, உண்டதையெல்லாம் எழுதி வைத்திருந்த நோட்டை என்னிடம் நீட்டினார். கைப்பேசிக் குழு ஒன்றில் உடற்பயிற்சி சொல்லித் தருபவர், "உடம்பு பட்டினி நிலைக்குப் போய்விட்டது, அதனால் கொழுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, நிறையச் சாப்பிட்டால்தான் எடை இறங்கும்" என்றாராம். வீட்டில் அக்காவோ, 800 போதாது, 500 ஆக்கு என்றாராம். இவர் அக்கா சொன்னதைக் கேட்டு, உப்பையும் சேர்த்துக் குறைத்து, நான்காம் நாள் மயங்கியிருக்கிறார்.

இரண்டு ஆலோசனைகளும் தவறானவை. ஆனால் முதலாவதுதான் படித்தவர்களிடையே வேகமாகப் பரவுகிறது என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

72 கிலோ எடையுள்ள ஒரு பெண் நாள் முழுவதும் படுத்தே இருந்தாலும், இதயம் துடிக்கவும் மூச்சு விடவும் மூளையும் கல்லீரலும் இயங்கவும் ஏறத்தாழ 1,300 கலோரி செலவாகும். அவர் 800 கலோரிதான் உண்கிறார் என்றால் மீதி 500 எங்கிருந்து வரும்? உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்தும் தசையிலிருந்தும்தான் வர வேண்டும். சாப்பாடு குறைகிறது என்பதற்காக உடம்பு தன் செலவை உண்மையிலேயே சுருக்கிக்கொள்கிறது. அதை நான் மறுக்கவில்லை. எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு. அதற்கு மேலும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது. நாமும் அறியாமலே நடையைக் குறைத்து, உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறோம். ஆனால் செலவு சுருங்குவது வேறு, செலவே இல்லாமல் போவது வேறு. சம்பளம் பாதியான வீட்டில் செலவைக் குறைப்பார்கள். அதற்காக வங்கிச் சேமிப்பு தானாக ஏறிவிடாது.

இதை மனிதர்களிடம் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினிச் சாப்பாடு கொடுத்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி; வாரந்தோறும் நீண்ட நடையும் உண்டு. அவர்களுடைய வளர்சிதை மாற்றம், அதாவது உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம், வெகுவாகக் குறைந்தது, எந்நேரமும் குளிர்ந்தது, எதிலும் நாட்டம் போயிற்று, இரவும் பகலும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். அப்படியிருந்தும் சராசரியாக உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். கடைசி வாரங்களில் எடை இறங்குவது மந்தமானது உண்மை. ஆனால் அப்போது அவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். 72 கிலோவில் இருக்கும் நம் ஆசிரியை அந்த நிலையில் இல்லை. அமெரிக்காவில் எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அவர்களின் ஓய்வுநிலைக் கலோரிச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே இருந்தது. பயமுறுத்த அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இதுதான். அந்தப் போட்டியின்போது அதே ஆட்கள் பல பத்துக் கிலோ குறைந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அப்படியானால் ஆசிரியையின் எடை ஏன் நின்றது?

என் மேசையில் ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டிலும் தட்டும் தேக்கரண்டியும் எப்போதும் இருக்கும். நோட்டில் காலை உணவாக "இட்லி 2, பொடி" என்றும் அதற்கு நேரே 120 கலோரி என்றும் எழுதியிருந்தது. தட்டில் பொடியை வைத்து, வீட்டில் ஊற்றுகிற மாதிரியே எண்ணெய் ஊற்றச் சொன்னேன். பொடியின் நடுவில் குழி செய்து, அது நிரம்பி ஓரத்தில் வழியும்வரை ஊற்றினார். அதே அளவை மறுபடி ஒரு கிண்ணத்தில் ஊற்றச் சொல்லி அளந்தபோது ஆறு தேக்கரண்டி வந்தது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 40 கலோரி. இட்லியைவிட எண்ணெய் இரு மடங்கு. நோட்டில் அது இல்லவே இல்லை. மகன் தட்டில் மிச்சம் வைத்த பூரி, பள்ளியில் இரண்டு முறை சர்க்கரை போட்ட டீ, மாலையில் கை நிறைய வேர்க்கடலை, இவற்றில் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் ஐந்தும் வெறுமையாக இருந்தன.

அவர் பொய் சொல்லவில்லை. இதைக் கணவர்மார்களுக்கும் மாமியார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தயவுசெய்து அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். என்ன செய்தாலும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை நியூயார்க்கில் கவனமாக அளந்து, 1992-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் உண்டதாகச் சொன்னது 1,000 கலோரி அளவு. உண்மையில் உண்டது அதைப் போல் இரு மடங்கு. வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. கண்ணால் கலோரியை மதிப்பிடுவதில் நாம் எல்லோருமே தவறுகிறோம். எண்ணெய், தேங்காய், கடலை சேர்ந்த நம் சமையலில் அது இன்னும் எளிதாக நடக்கும்.

மிகக் குறைந்த உணவு எடை இறங்குவதை நிறுத்தும் வழி ஒன்று உண்டு. அது வளர்சிதை மாற்றத்தின் வழி அல்ல. ஐந்து நாள் 800 கலோரியில் தாக்குப் பிடித்தவருக்கு ஆறாம் நாள் பசி கட்டுக்கடங்காது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 2,600 கலோரி சாப்பிட்டால் வாரச் சராசரி 1,300-ஐத் தாண்டிவிடும். அவர் மனதில் பதிந்திருப்பதோ ஐந்து நாள் பட்ட பாடு மட்டும்தான்.

உடம்பின் நீரும் எடை இறங்கியதை மறைக்கும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு, மூன்று கிலோவில் பெரும்பகுதி நீர்தான். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், உப்பு கூடிய விருந்துக்குப் பிறகும், புதிதாகத் தொடங்கிய கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் நீர் சேர்ந்து, உள்ளே கரைந்த கொழுப்பை எடை இயந்திரத்தில் காட்டாது. ஆகையால் நான்கு வாரம் ஆகாமல் எடை நின்றுவிட்டது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பாருங்கள். பெண்கள் போன மாதச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிடுங்கள்.

எடை இறங்குவது நிற்காது என்பதால் 800 கலோரி நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகலாம். தசை கரைகிறது. இரண்டு, மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது, சிலருக்கு நின்றே போகிறது. பட்டினியில் டி3 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவும் இறங்கும். அது தைராய்டு நோய் அல்ல. அந்த ஒரு சோதனைத் தாளை வைத்துக்கொண்டு கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் கடுமையாகவே சொல்கிறேன். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூடக் குறைக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கிய ஒருவரை, இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி, விடியற்காலையில் பேச்சுக் குழறிய நிலையில் தூக்கி வந்தார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் சோற்றையும் மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. நாளுக்கு 800 கலோரியும் அதற்குக் குறைவும் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியவை. பிரிட்டனில் அப்படிக் கண்காணிப்போடு செய்து, பலருக்குச் சர்க்கரை நோய் தணிந்ததும் உண்டு. அங்கே மாத்திரைகளை முறைப்படி மாற்றிவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

ஆசிரியைக்கு நான் எழுதிக் கொடுத்தது 1,400 கலோரி. மதியம் சோற்றை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து, பருப்பும் காயும் தயிரும் கூட்டினேன். தினமும் ஒரு முட்டை, மாலையில் வேர்க்கடலைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். வாரத்தில் மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி, உப்பு வழக்கம் போல. மாதம் இரண்டு கிலோ குறைந்தால் போதும் என்று சொன்னபோது அவர் முகம் வாடியது. கணவர்தான் சரி என்றார். இட்லிப் பொடியை நிறுத்தட்டுமா என்று எழுந்திருக்கும்போது கேட்டார். வேண்டாம், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் குழைத்துச் சாப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் நோட்டில் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.