வரைவாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்: டர்பன் நகரத் திட்டத்தில் நம் உரிமை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் மழைக்காலம் பிறந்தால் எல்லா வாசலிலும் ஒரே பேச்சுதான்: தெருவில் வடிகால் போதவில்லை, தண்ணீர் படியேறி வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு வானம் கறுத்தாலே வயிறு கலங்கும். ஆனால் அக்டோபரில் போய்ப் புது வடிகால் கேட்டால் பலன் குறைவு. நகராட்சியின் அந்த ஆண்டுப் பணம் எதற்கு என்பது அதற்கு முந்தைய மே மாதமே ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இருக்கும் வடிகால் அடைத்துக்கொண்டால் அது பராமரிப்பு. எந்த மாதமும் புகார் கொடுக்கலாம். பெரிய குழாய், புது நடைபாதை, தெருவிளக்கு, பூங்கா என்றால் அது திட்டத்தில் ஏற வேண்டியது. திட்டத்துக்குக் காலம் உண்டு.

அந்தத் திட்டத்தைத்தான் ஐ.டி.பி. என்கிறார்கள், ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம். 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்பு முறைகள் சட்டப்படி, தேர்தல் முடிந்து வரும் ஒவ்வொரு நகராட்சி மன்றமும் தன் பதவிக் காலம் முழுவதற்கும் இதை வகுக்க வேண்டும், ஆண்டுதோறும் மறுபார்வை செய்ய வேண்டும். பட்ஜெட் இதையொட்டியே வரும். நாம் கட்டும் ரேட்ஸ், அதாவது சொத்து வரி, எங்கே போகிறது என்று கேட்பவர்கள் முதலில் புரட்ட வேண்டியது இந்தப் புத்தகத்தைத்தான். தடிமன் கண்டு மிரள வேண்டாம். உங்கள் வார்டு எண் வரும் இடங்களைத் தேடிப் படித்தால் போதும்.

நகராட்சி நிதியாண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குப் பத்து மாதம் முன்பே, அதாவது ஆகஸ்ட் முடிவதற்குள், எந்த வேலை எப்போது என்ற கால அட்டவணையை மேயர் மன்றத்தில் வைக்க வேண்டும். வரைவு பட்ஜெட் மன்றத்துக்கு வர மார்ச் இறுதி கெடு. மே இறுதிக்குள் அதை ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் வாரங்கள்தான் நமக்கு. சித்திரை பிறக்கும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

வரைவு நகராட்சி அலுவலகங்களிலும் நூலகங்களிலும் பார்வைக்கு இருக்க வேண்டும். கருத்தை எழுத்தில் கொடுக்கலாம், கூட்டத்தில் வாயாலும் சொல்லலாம். எழுதத் தெரியாத பாட்டிக்கும் வழி உண்டு: அலுவலக நேரத்தில் போனால், அவர் சொல்வதை எழுதிக்கொடுக்க ஓர் ஊழியர் இருக்க வேண்டும். அவர் யார் என்பதையும் கருத்துக் கேட்கும் அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். மொழிதான் கொஞ்சம் இடிக்கும். அரசியல் சாசனம் தமிழை மதித்துப் பேணவேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்கிறது. ஆனாலும் அது ஆட்சிமொழி அல்ல. ஆங்கிலத்திலோ சூலுவிலோ கொடுப்பதே காரியத்துக்கு உதவும். பேரப்பிள்ளைகள் இதற்காவது பயன்படட்டும்.

'எங்கள் பகுதியைக் கவனியுங்கள்' என்று எழுதினால் அது காகிதத்தோடு காகிதமாகப் போகும். தெருப் பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எது வரை, எத்தனை குடும்பம், எந்தெந்தத் தேதியில் தண்ணீர் புகுந்தது என்று எழுதுங்கள். ஒரே கடிதத்தில் பத்துக் கோரிக்கை வேண்டாம். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியதற்குத் தாமதமின்றிப் பதில் பெறுவது உங்கள் உரிமை. மன்றம் காது கொடுக்கக் கடமைப்பட்டது. கேட்டதையெல்லாம் கொடுக்கக் கடமைப்பட்டதல்ல.

ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் வாசல் வார்டு கமிட்டி. வார்டின் கவுன்சிலர் தலைவர், அவரோடு வழக்கமாகப் பத்துப் பேர் வரை. பெண்களுக்கு நியாயமான இடம் வேண்டும், வார்டின் பலதரப்பட்ட மக்களும் அதில் தெரிய வேண்டும். பரிந்துரைக்கத்தான் முடியும், உத்தரவிட முடியாது. ஆனாலும் நம்மவர்கள் கோயில் கமிட்டித் தேர்தலில் காட்டும் வேகத்தில் பாதியை இங்கே காட்டலாம்.

சாட்ஸ்வொர்த்தே யாரையும் கேட்காமல் போட்ட திட்டம்தானே. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் வாழையும் கறிவேப்பிலையும் வைத்து வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். எந்த வீடு, எந்தத் தெரு, யார் பக்கத்தில் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளூர் நிர்வாகத்தில் மக்கள் பங்கெடுப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று 1996 சாசனத்தின் 152ஆம் பிரிவு சொல்வதை, அந்த லாரிப் பயணங்களை நினைத்துக்கொண்டு படித்தால் பொருள் வேறாகத் தெரியும்.

பக்கத்து மனையில் திடீரென்று பட்டறையோ மாடிக் குடியிருப்போ வரப்போகிறது என்றால் அது வேறு கணக்கு. 2013ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் சட்டம் பேசும். அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் ஆட்சேபத்தைக் கொடுங்கள். இத்தகைய விண்ணப்பங்களை விசாரிக்கும் நகராட்சித் திட்டத் தீர்ப்பாயத்தின் முடிவு உங்கள் உரிமையைப் பாதித்தால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் காரணத்தோடு நகராட்சி மேலாளருக்கு எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். நகரின் எந்தப் பகுதி எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் மொத்த நிலவரைவுத் திட்டத்தை மாற்றும்போது கருத்துச் சொல்ல 60 நாள் தர வேண்டும்.

கடைசியாக, வரைவு ஐ.டி.பி.யும் பட்ஜெட்டும் மன்றத்தில் பேசப்படும்போது பொதுமக்களை வெளியே அனுப்பிக் கதவை அடைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. போய் உட்கார்ந்து பார்க்கலாம்.