துவக்கைக் கைமாற்றும் முன்

வன்னியில் நெல்லுக் குடலை தள்ளும் காலம் வந்தால் துவக்குப் பேச்சும் கூடவே வந்துவிடும். பன்றிக் கூட்டம் ஒன்று ஓர் இரவு இறங்கினாலே போதும், ஒரு போகத்துக் கடன் தலையில் ஏறிவிடும். காவல் கொட்டிலில் தனியாகக் கிடக்கிறவனுக்குக் கையில் துவக்கு இருந்தால் ஒரு துணிவு. அந்தத் தேவை உண்மையானது. ஆனால் அதற்காக ஆளுக்கு ஆள் நடக்கிற விற்பனைதான், வாழ்நாளில் பொலிஸ் படி மிதிக்காதவர்களைக்கூடக் கூண்டில் ஏற்றுகிறது. முல்லைத்தீவு, வவுனியா நீதிமன்றங்களில் வழக்குப் பேசுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த கடதாசி இன்னும் கண்ணில் நிற்கிறது. பெர்மிட் உள்ள பழைய சொட்கன். வயதாகிவிட்டது, வயலையும் விற்றாயிற்று, வயலை வாங்கியவரே துவக்கையும் கேட்டார். துவக்கின் இலக்கம், விலை, இரண்டு சாட்சிகள், முத்திரைக்கு மேல் கையெழுத்து என்று எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தது. “முறையாத்தானே தம்பி செய்திருக்கிறம்?” என்றார். சட்டத்தின் கண்ணில் அந்தக் கடதாசிக்கு ஒரே ஒரு பயன்தான் உண்டு. அனுமதி இல்லாத ஒருவருக்குத் துவக்கைக் கொடுத்தேன் என்பதற்கு அவரே எழுதிக் கையெழுத்திட்ட சாட்சி அது.

மோட்டார் சைக்கிளை ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குகிறவர் பெயருக்குப் பதிவை மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்து, விற்றுப் பழகியவர்கள் நாங்கள். துவக்கையும் அப்படியே நினைக்கிறோம். அப்படி இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்கும் துவக்குக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. துவக்கு கைமாறினால் பத்திரமும் கூடவே போகாது. வாங்கியவர் அனுமதியில்லாத துவக்கோடு நிற்பார். பதிவில் விற்றவர் பெயரே இருக்கும். அந்தத் துவக்கால் யாருக்காவது வெடி விழுந்தால் பொலிஸ் முதலில் தட்டுகிற கதவு பெர்மிட்காரருடையது.

பத்திரத்தின் ஆயுளும் ஒரு வருடம்தான். டிசம்பர் 31உடன் அது முடிகிறது. அடுத்த வருடத்துக்கான புதுப்பித்தலுக்குப் பாதுகாப்பு அமைச்சு வழக்கமாக ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் முடியும்வரை காலம் கொடுக்கும். அந்தக் காலம் கடந்தபின் புதுப்பிக்காத துவக்கை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். “பெர்மிட் இருக்கு” என்று விற்கிறவர் சொன்னால், எந்த வருடத்துப் பெர்மிட் என்று கேளுங்கள்.

சரி, உண்மையாகவே விற்கத்தான் வேண்டும் என்றால்? பணம் வாங்கும் முன், துவக்கைக் கொடுக்கும் முன், கச்சேரிக்குப் போங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு என்றால் மாவட்டச் செயலகம்; உயிர்ப் பாதுகாப்புக்கென்று எடுத்தது என்றால் பாதுகாப்பு அமைச்சு. வாங்குகிறவர் தன் பெயரில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம அலுவலரின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை எல்லாம் அவருக்குத் தேவைப்படும். மாதக்கணக்கில் இழுபடும், சில வேளை மறுத்தும் விடுவார்கள். அதுவரை துவக்கு விற்கிறவரின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். முற்பணம் வாங்கிவிட்டால் வாங்கியவர் “இப்பவே தா” என்று நெருக்குவார். ஆகவே முற்பணமே வேண்டாம்.

இரவலும் இதே கதைதான். “மச்சான், ரெண்டு நாளைக்குத் தா, பன்றி உழக்குது” என்று கேட்டால் மறுக்க மனம் வராது. உறவு முறியும் என்று பயம். ஆனால் அந்த இரண்டு நாளுக்குள் அவர் அதைக் கட்டுத்துவக்காக, விலங்கு வரும் வழியில் கம்பி தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கும்படி, கட்டிவிட்டு வந்தால்? விறகுக்குப் போனவர், தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போன பொடியன் என்று கட்டுத்துவக்கில் கால் போனவர்களை எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். கடனுக்கு ஈடாகத் துவக்கை வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஈடு வாங்கியவரும் அனுமதியில்லாமல் வைத்திருப்பவர்தான்.

குழல் வாயால் மருந்தை இடித்து ஏற்றுகிற இடியன் துவக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டறையில் களவாகச் செய்த துவக்கை வாங்கிவிட்டுப் பிறகு பெர்மிட் எடுக்கலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். போதாததற்கு அது சுடுகிறவர் கையிலேயே வெடிக்கவும் கூடும். கண்ணும் விரலும் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை விசாரிக்கப் பொலிசும் அங்கே வரும்.

அடுத்ததுதான் வன்னிக்கே உரிய ஆபத்து. போர் முடிந்த 2009க்குப் பிறகு காணி துப்புரவாக்கும்போது, கிணறு வெட்டும்போது, ஆயுதம் வெளிப்படுவது இன்றும் நடக்கிறது. அதை எடுத்துத் துடைத்து விலை பேச நினைப்பவர் இரண்டு நெருப்பில் கால் வைக்கிறார். ஒன்று, அருகில் வெடிக்காத குண்டோ மிதிவெடியோ கிடக்கலாம். மற்றது, தானியங்கித் துவக்கு என்றால் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயுள் தண்டனை வரை போகலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மறித்தால் 2022 திருத்தத்துக்குப் பிறகும் ஒரு வருடம் வரை தடுத்து வைக்கலாம். மண்ணில் இரும்பு தெரிந்தால் கை வைக்காதீர்கள். இடத்தை அடையாளப்படுத்திவிட்டுத் தள்ளி நின்று 119க்கு அழையுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள்.

அப்புறம், அதிகம் கேட்கப்படுகிற கேள்வி: பெர்மிட்காரர் இறந்துவிட்டால்? துவக்கு பிள்ளைகளின் முதுசம் என்று பங்கு பிரிக்கவும் கூடாது, யாருக்கும் விற்கவும் கூடாது. பயந்துபோய்ப் பரணில் ஒளித்து வைப்பதும் குற்றத்தில்தான் கொண்டுபோய் விடும். இறப்புச் சான்றிதழும் பழைய பத்திரமும் கையில் எடுத்துக்கொண்டு, துவக்கைத் தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் பொலிஸ் நிலையத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அறிவியுங்கள். சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வழி இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒப்படைத்துவிடலாம். எப்படியானாலும் துவக்கின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்காமல் அங்கிருந்து வரவேண்டாம். அதில் ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை உங்கள் சட்டத்தரணியிடமும் வையுங்கள்.