பேஜ் பிரேக்: முறிவா, முறிப்பா?

பக்கம் இந்த இடத்தோடு முடியட்டும், அடுத்த வரி புதுப் பக்கத்தில் தொடங்கட்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறிதான் பேஜ் பிரேக். வேர்டில் கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் விழுவது இது. வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் நீண்ட பதிவொன்றை இரண்டு மூன்று பக்கங்களாக்குவதும் இதுவே.

இதன் வேர் அச்சுப்பொறியில் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகத் தாள் ஓடிய பொறிகளுக்கு, இந்தத் தாள் போதும், அடுத்த தாளின் உச்சிக்குப் போ என்று சொல்ல ஒரு கட்டளை வேண்டியிருந்தது. எழுத்துகளுக்கும் கட்டளைகளுக்கும் எண் கொடுக்கும், 1963-இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் 12-ஆம் எண் அதற்கானது. ஃபார்ம் ஃபீட் என்று பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேஜ் பிரேக் என்று அப்படியே எழுதினால் ஒரு சங்கடம். வண்டியை நிறுத்தும் பிரேக்கும் தமிழ் எழுத்தில் இதே பிரேக்தான். பக்கத்தை நிறுத்துவதா, உடைப்பதா என்பது எழுத்திலிருந்து தெரியாது. பக்க முறிவு, பக்க முறிப்பு, பக்கப் பிரிப்பு என மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஏதோ ஒன்றைப் போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முறிதல் தன்வினை, முறித்தல் பிறவினை. காற்றில் கிளை முறிகிறது. கிளையை ஒருவர் முறிக்கிறார். பக்கத்துக்கும் இதே கதைதான். தட்டச்சு செய்துகொண்டே போகும்போது தாள் நிறைந்து, வரி தானாக அடுத்த பக்கத்துக்கு இறங்குகிறதே, அது பக்க முறிவு. மேலே நான்கு வரி சேர்த்தால் அந்த இடம் நகர்ந்துவிடும். நாமே ஓர் இடத்தைத் தேர்ந்து வெட்டினால் அது பக்க முறிப்பு. எத்தனை வரி சேர்த்தாலும், முறித்த வரியை விட்டு அது விலகாது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முன்னால் ஓர் அடைமொழி சேர்க்க வேண்டும். தமிழில் ஓர் ஈறு மாறினாலே போதும்.

முறிவு என்றால் எலும்பு ஞாபகம் வருகிறது, பிரிப்பு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கப் பிரிப்பு தவறில்லை. ஆனால் செக்‌ஷன் பிரேக் என்று ஒன்று இருக்கிறது, ஆவணத்தில் ஒரு பிரிவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். அதைப் பிரிவுப் பிரிப்பு என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். பிரிவு முறிப்பு, வரி முறிப்பு, பக்க முறிப்பு என்றால் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. அப்புறம், முறி நமக்கு எழுத்தோடு உறவுள்ள சொல்லும்கூட. ஓலையில் எழுதிய ஆவணத்துக்கு முறி என்று பெயர். கடன்முறியில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது.

வேர்ட்பிரஸின் பழைய தொகுப்பியில் (பதிவை எழுதும் எடிட்டரில்) பக்க முறிப்புப் பொத்தான் உள்ளேயே இருக்கிறது, கருவிப்பட்டையில்தான் காட்டப்படுவதில்லை. இதற்கென உள்ள செருகுநிரல் (பிளகின்) செய்வது அதை வெளியே கொண்டுவருவது மட்டுமே: அமைப்புப் பக்கத்தில் பொத்தானைப் பட்டைக்கு இழுத்துவிட்டுச் சேமித்தால் முடிந்தது. அழுத்திய இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். உரைப் பார்வைக்கு மாறினால் அதே இடத்தில் நெக்ஸ்ட்பேஜ் என்ற குறிப்பு இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் மோர் பொத்தானோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முகப்பில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மோர். அது பக்கத்தை முறிப்பதில்லை. புதிய தொகுப்பியில் பக்க முறிப்பு தனித் தொகுதியாகவே (பிளாக்) வருகிறது, செருகுநிரல் தேவையில்லை.

அந்தப் பொத்தானுக்குத் தமிழில் பெயரிடுபவர்கள் தயவுசெய்து பக்க முறிப்பு என்றே எழுதுங்கள். அழுத்துவது ஓர் ஆள், பக்கம் தானாக முறியவில்லை. முறித்த பிறகு பதிவைத் திறந்து, அடியில் 1, 2 என்று பக்க எண்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் அதற்கான நிரல் வரி இல்லையென்றால் படிப்பவருக்கு முதல் பக்கம் மட்டுமே தெரியும், மீதி இருப்பதே தெரியாது.