பாலையாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்

1964-ல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் கதை சாதாரணம்தான். எஸ்டேட் முதலாளி விசுவநாதனுக்கு (டி. எஸ். பாலையா) மகள்களைப் பணக்கார வீட்டில் கட்டிக்கொடுக்க ஆசை. அவர் வேலையைவிட்டு நீக்கிய அசோக் (ரவிச்சந்திரன்) அவர் மகளையே காதலிக்கிறான். சம்மதம் வாங்க ஒரு கோடீஸ்வர அப்பா வேண்டும். நண்பன் வாசு (முத்துராமன்) நரைமுடியோடு அப்பாவாக வந்து இறங்குகிறான். அப்புறம் ஒரே ரகளை.

வேஷம் போட்டது யார் என்று நமக்கு முன்பே தெரியும். மர்மமே இல்லாத கதையில் மூளைக்கு என்ன வேலை என்றால், நிறைய. படம் முழுக்க நாம் இரண்டு கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறோம்: உண்மை ஒன்று, பாலையா நம்புவது ஒன்று.

இது பிறவியிலேயே வரும் திறமை அல்ல. 1985-ல் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹனும் சகாக்களும் வெளியிட்ட ஒரு பொம்மைச் சோதனை பிரபலம். சாலி என்ற பொம்மை கோலிக்குண்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மறைக்கிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? “கூடையில்” என்பதே சரியான பதில். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் “பெட்டியில்” என்பார்கள். தனக்குத் தெரிந்தது சாலிக்கும் தெரியும் என்று நினைப்பு. நான்கைந்து வயதில்தான் இது பிடிபடுகிறது. ஆள்மாறாட்டக் காமெடியை அதற்கு முன் ரசிப்பது கஷ்டம்தான். அடுத்தவர் என்ன நம்புகிறார் என்று யோசிக்கும்போது, வலது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக உள்ள மூளைப்பகுதி கூடுதலாக இயங்குவது ஸ்கேனில் தெரிகிறது.

சரி, ஒருவருக்குத் தெரியாததைப் பார்த்தால் சிரிப்புதான் வரவேண்டுமா? நாற்காலிக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது தெரியாமல் ஒருவர் உட்கார்ந்தால் நமக்குப் பதற்றம்தானே வரும்? ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010-ல் சொன்ன விளக்கம் இங்கே பொருந்துகிறது: சிரிப்பு வர ஏதோ ஒரு விதி மீறப்பட வேண்டும், ஆனால் அதனால் பெரிய கேடு வராது என்றும் தோன்ற வேண்டும். பெரியவரை ஏமாற்றுவது நம் வீடுகளில் பெரிய மீறல். ஏமாறுகிறவர் வசதியானவர், பண ஆசைக்காரர் என்பதால் நமக்கு மனசு உறுத்துவதில்லை. இதே நாடகத்தை ஓர் ஏழை அப்பாவிடம் ஆடியிருந்தால் சிரிப்பு வருமா? சந்தேகம்தான்.

நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியிலும் இதே சூத்திரம்தான். கதையில் நகைச்சுவை எதுவும் இல்லை. வாயாலேயே அவர் பின்னணி ஓசை கொடுக்க, பாலையாவின் கண்கள் விரிகின்றன, உடம்பு நாற்காலிக்குள் ஒடுங்குகிறது. பயம் அவருக்கு நிஜம், நமக்கு இல்லை.

இந்த வகைப் படங்களில் குட்டு கடைசியில்தான் உடையும். உடைந்ததும் பெரியவர் சட்டென்று சம்மதித்துவிடுவார். திரைக்கதைச் சோம்பல் என்று இதைத் திட்டுகிறார்கள். ஆனால் உண்மை அவருக்கும் தெரிந்துவிட்டபின் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு மேல் காட்சியை இழுத்தாலும் சிரிப்பு வராது.