பால்கனிக் கண்ணாடிக் கதவு: கனத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்

சென்ற மாதம் மும்பை செம்பூரில் ஒரு தமிழ்க் குடும்பம், உடைந்துபோன பால்கனிக் கதவுக்கு மாற்று சொல்லும்படி என்னை அழைத்திருந்தது. ஒன்பது வயதுப் பையன், வெளியே அறுந்து போன பட்டத்தைப் பார்க்கும் ஆவலில், கதவு திறந்திருக்கிறது என்று எண்ணி ஹாலிலிருந்து ஓடியிருக்கிறான். கண்ணாடி நீண்ட துண்டுகளாகப் பிளந்து, மேலே நின்ற துண்டு அவனுடைய முன்கையின் மீது இறங்கிவிட்டது. அறுந்த தசைநாண்களை அறுவை சிகிச்சையில் இணைத்திருக்கிறார்கள். நான் போயிருந்தபோது, விரல்களை மடக்கிப் பழகுவதற்காக ஒரு பஞ்சுப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய தந்தை என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: "நாங்க காசு பார்க்கலை சார், 10 எம்.எம். கண்ணாடிதான் போட்டோம்."

இந்த வாக்கியத்தை ஓராண்டுக்குள் மூன்றாவது வீட்டில் கேட்கிறேன். அடிபட்டவர்கள், முதலில் முலுண்டில் ஒரு பாட்டி, அடுத்து டோம்பிவிலியில் வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண், இப்போது இந்தப் பையன். மூன்று வீட்டிலும் கனமான கண்ணாடி. மூன்று வீட்டிலும் சாதாரணக் கண்ணாடி. கண்ணாடிக் கதவுகளை வடிவமைத்துப் பொருத்தும் தொழிலில் மும்பையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில், இதை எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கனம் வேறு, வகை வேறு. கனமான சாதாரணக் கண்ணாடி உடைவதற்குச் சற்று அதிக விசை வேண்டும், உண்மைதான். ஆனால் உடைந்துவிட்டால் அது மெல்லிய கண்ணாடியைவிடக் கொடியது, ஏனெனில் அதே கூர்மையோடு உடையும் பெரிய துண்டுகள் பல கிலோ எடை கொண்டவையாக இருக்கலாம், அவை மேலிருந்து கத்திபோல இறங்கும். "10 எம்.எம்., யானை மோதினாலும் அசையாது" என்று கடைக்காரர் சொல்லும்போது, உடைந்தால் எப்படி உடையும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

டஃபண்ட் கண்ணாடி என்பது, சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பாய்ச்சிச் சடுதியில் குளிரவைத்துச் செய்வது. அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வலிமை அதற்கு உண்டு. அதைவிட முக்கியம், உடைந்தால் கற்கண்டு அளவுச் சில்லுகளாகப் பொடிந்து விழும். கீறல் படலாம், தசைநாண் அறுவது அரிது. லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே பிவிபி என்ற ஒட்டுப்படலம் இருக்கும். உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு கதவிலேயே நிற்கும். காரின் முன்கண்ணாடி லேமினேட்டட், பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி டஃபண்ட். உங்கள் கார் தயாரிப்பாளர் செய்யத் துணியாத ஒன்றை, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை நிற்கும் கதவில், பிள்ளைகள் ஓடி விளையாடும் ஹாலில், ஏன் செய்கிறீர்கள்? இந்த இரு வகைகளுக்கும் இந்தியத் தரநிலையே உண்டு: ஐ.எஸ். 2553, பகுதி 1. தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் கண்ணாடிக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் சாதாரணக் கண்ணாடி எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று கேட்பீர்கள். விலை மட்டும் காரணமன்று. டஃபண்ட் செய்தபின் கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது; முயன்றால் முழுவதும் பொடியாகிவிடும். ஆகவே அளவெடுத்து, வெட்டி, விளிம்பைத் தேய்த்து, அதன்பிறகே உலைக்கு அனுப்ப வேண்டும். அளவில் 5 மி.மீ. தவறினாலும் அந்தக் கண்ணாடி வீண், புதிதாகச் செய்துவர மறுபடி நாட்கள் ஆகும். அதற்குள் கிரகப்பிரவேசத் தேதி வந்துவிடுகிறது. மிஸ்திரி பக்கத்துக் கடையில் சாதாரணக் கண்ணாடியை வெட்டிவந்து மாட்டிவிடுகிறார். ரசீதில் டஃபண்ட், கதவில் சாதாரணம். முலுண்டு வீட்டில் நடந்தது இதுவே. தரைக்கல் பதித்து முடிந்த பிறகுதான் இறுதி அளவு எடுக்க வேண்டும், கண்ணாடிக்காக விழாவுக்கு முன் தாராளமாக நாள் ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கதவு வந்ததும் நீங்களே சோதிக்கலாம். கண்ணாடியின் மூலையில் தயாரிப்பாளர் பெயரும் தரக்குறியும் அழியாதபடி பதிந்திருக்கும்; நகத்தால் உரிந்து வரும் ஸ்டிக்கர் சான்றாகாது. போலராய்டு குளிர்கண்ணாடி இருந்தால், அதை அணிந்துகொண்டு காலையிலோ மாலையிலோ வான வெளிச்சம் பட நின்று பாருங்கள். டஃபண்ட் கண்ணாடியில் மங்கிய புள்ளிகளோ பட்டைகளோ தெரியும், சாதாரணக் கண்ணாடியில் எதுவும் தெரியாது. குறி இல்லாத கண்ணாடியைப் பொருத்த அனுமதிக்காதீர்கள். பொருத்திவிட்டுப் பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

உயரமான மாடிகளில் இருப்போருக்கு டஃபண்ட் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். நிக்கல் சல்பைடு என்ற நுண்துகள் உள்ளே சிக்கியிருந்தால், அரிதாக, யாரும் தொடாமலே டஃபண்ட் கண்ணாடி வெடித்து உதிரக்கூடும். விளிம்பில் சிறு அடி பட்டாலும் அப்படித்தான். பதினெட்டாவது மாடியிலிருந்து கொத்தாக விழும் சில்லுகள் கீழே நடப்பவருக்கு ஆபத்து. பால்கனியை அடைத்து வெளி விளிம்பிலேயே கண்ணாடி போட்டிருந்தால், அது உதிர்ந்தபின் உங்கள் குழந்தைக்கும் வானத்துக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. அத்தகைய இடத்தில் லேமினேட்டட்தான் வேண்டும், டஃபண்ட் தாள்களைக் கொண்டே லேமினேட் செய்தது கிடைத்தால் மிக நன்று. பழைய கைப்பிடிக் கம்பிகளை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள்.

அப்படியானால் கனத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, காற்றுக்கு. ஐ.எஸ். 875 தரநிலையின் மூன்றாம் பகுதி, மும்பைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 44 மீட்டரையும் பெங்களூருக்கு 33 மீட்டரையும் கொடுக்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், இங்கே கதவு தாங்க வேண்டியது அங்கே உள்ளதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. பெங்களூரில் அண்ணன் வீட்டில் போட்ட அதே அளவுச் சட்டத்தை, அதாவது அதே செக்‌ஷனை இங்கே கேட்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கண்ணாடியைவிட, இரண்டு பலகங்கள் நடுவில் கவ்விக்கொள்ளும் இன்டர்லாக் சட்டம் எவ்வளவு வளைகிறது என்பதே பெருங்காற்றில் கதவைக் காப்பாற்றும். யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் என்றால், அதற்குள் இரும்புக் குழல் இருக்கிறதா என்று, வெட்டிய துண்டு ஒன்றை வாங்கிப் பாருங்கள்.

கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ எடை. 1.2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் கொண்ட பலகம் 6 மி.மீ. கண்ணாடியில் 43 கிலோ, 10 மி.மீ. கண்ணாடியில் 72 கிலோ. கதவு உருளும் அடிச்சக்கரமான ரோலர் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்காமல் கண்ணாடியை மட்டும் கனமாக்கினால், இரண்டு மழைக்காலத்தில் ரோலர் நசுங்கிவிடும். டோம்பிவிலி வீட்டில் சிக்கிக்கொண்ட கதவை அந்தப் பெண் தோளால் முட்டித் தள்ளியபோதுதான் கண்ணாடி உடைந்தது. கடல் காற்று படும் வீட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு ரோலர் வேண்டும். வாங்குமுன், வீட்டிலுள்ள மூத்தவரைக் கடைக்கு அழைத்துச் சென்று ஒரு கையால் திறக்கச் சொல்லுங்கள்.

மழைநீர் உள்ளே வருவதாகத்தான் எனக்கு அதிக அழைப்புகள் வருகின்றன. இடுக்குகளில் சிலிகோன் பசை பூசச் சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் அங்கில்லை. எந்த ஸ்லைடிங் கதவின் டிராக்கிலும் நீர் நுழையும், நுழைந்த நீர் வெளிப்பக்கத் துளைகள் வழியே வடிய வேண்டும், அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தரைக்கல் பதிக்கும் கொத்தனார் அந்தத் துளைகளை வெள்ளைச் சிமென்ட்டால் அழகாக அடைத்துவிடுகிறார். அடைக்காத வீடுகளில் கோலமாவும் துளசித் தொட்டி மண்ணும் பூச்சரத்தின் உதிரியும் அடைக்கின்றன. ஹாலும் பால்கனியும் ஒரே மட்டமாக இருந்தால் அழகு என்று, பழைய தரைமேலேயே புதுக் கல்லைப் பதித்து, இருந்த ஒன்றிரண்டு அங்குலத் தாழ்வையும் இழந்துவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று நேராக அறையும் மேற்குப் பார்த்த வீட்டில் இது வீண் வம்பு. தாழ்வை விட்டுவையுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்குமுன், வெளியிலிருந்து குழாய்நீரைக் கதவின்மீது பத்து நிமிடம் அடிக்கச் செய்து, உள்ளே நின்று பாருங்கள். வெளியிலிருந்து பலகத்தைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் டிராக்கில் தடுப்புக் கட்டை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி, ஏற்கெனவே சாதாரணக் கண்ணாடிக் கதவோடு வாழ்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உடனே மாற்ற வசதியில்லாவிட்டால், உடைந்த துண்டுகளைப் பிடித்துவைக்கும் பாதுகாப்பு பிலிமை உட்பக்கம் முழுவதும் ஒட்டச் செய்யுங்கள். வெயிலைக் குறைக்கும் கறுப்பு பிலிம் அதற்கு ஈடாகாது. பிறகு, பெரியவர் கண்மட்டத்தில் ஒன்றும் குழந்தையின் கண்மட்டத்தில் ஒன்றுமாக, பளிச்சென்று தெரியும் இரண்டு பட்டைகளைக் குறுக்கே ஒட்டுங்கள். ஹாலின் அழகு கெடும் என்று செம்பூர் வீட்டில் முன்பு இதை வேண்டாம் என்றிருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். உரித்தெடுக்கக்கூடிய டேப் எழுதுபொருள் கடையிலேயே கிடைக்கும், இன்று மாலை பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன் ஒட்டிவிடலாம்.