தேயிலைக் கழிவின் கரியில் ஹைட்ரஜன் என்ன செய்கிறது?

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தூளைச் சலித்துப் பிரித்த பிறகு நாரும் காம்புமாக ஒரு கழிவு மிஞ்சும். அது மறுபடி டீத்தூளோடு கலந்து கடைக்குப் போய்விடக் கூடாது என்று 1959-லேயே தனி உத்தரவு போட்டிருக்கிறார்கள். வேதிவினையை விரைவாக்கும் வினையூக்கிகளை ஆராய்பவர்கள் கண்ணில் பட்டால் அதற்கு மதிப்பே வேறு, ஏனென்றால் அதில் நைட்ரஜன் இருக்கிறது. கஃபீன் மூலக்கூறு ஒன்றிலேயே நான்கு நைட்ரஜன் அணுக்கள். புரதத்தில் இருப்பது தனிக்கணக்கு. காற்றுப் படாமல் சூடாக்கிக் கரியாக்கினால் அதில் ஒரு பங்கு கரிக்குள்ளேயே தங்கிவிடும்.

நீலகிரிப் புல்வெளிகளை விழுங்கிவரும் சீகை (வாட்டில்) மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேர்முடிச்சு வழியாகக் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிற இனம்தான். ஆனாலும் விறகில் தங்குவது சொற்பம். அதன் கரியில் நைட்ரஜன் ஏற வேண்டுமானால் கேரட் தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவைக் கலந்து சூடாக்க வேண்டும். இப்படி வேற்று அணுவைப் புகுத்துவதுதான் மாசூட்டல்.

இத்தனை பாடு எதற்கு? பல்லேடியம், பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களைச் சில நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கிக் கரி போன்ற ஒரு தாங்கியின் மேல் பதித்து வினையூக்கி செய்கிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறைச் சும்மா பிளக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். பல்லேடியத்தின் மேல் வந்து உட்கார்ந்தால் அறை வெப்பநிலையிலேயே பிளந்துகொள்கிறது. பிளந்த அணு உலோகத்தின் மேலேயே இருக்கலாம், உள்ளேயும் புகலாம். பல்லேடியம் தன் கனஅளவைப் போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்கும் என்பதை வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1866-லேயே கண்டார்.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது: உலோகத்தை விட்டிறங்கித் தாங்கியின் மேல் வழிந்தோடுவது. 1964-ல் கூபியார் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடு ஹைட்ரஜனில் சும்மா வைத்தால் அப்படியே கிடக்கும். அலுமினாவில் (அலுமினிய ஆக்சைடு) பதித்த பிளாட்டினத்தை அதோடு கலந்ததும் அறை வெப்பநிலையிலேயே நீலமாகிவிட்டது. பிளாட்டினத்தில் பிளந்த அணுக்கள் பக்கத்துத் துகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கரியில் இது அவ்வளவு சுலபமில்லை. கார்பன் அணுக்கள் குறையே இல்லாமல் தட்டையாகப் பின்னிய கிராஃபைட் தாளை ஹைட்ரஜன் அணு விரும்புவதில்லை. உலோகத்தோடு இருக்கும் பிணைப்பு அதைவிட லாபம். தாளின் ஓரம், ஓட்டை, ஆக்சிஜன் தொகுதி என்று கால் வைக்க இடம் கிடைத்தால்தான் இறங்கும். மாசூட்டல் அந்த இடங்களைக் கூட்டுகிறது. கார்பனைவிட ஓர் எலக்ட்ரான் குறைந்த போரானைப் புகுத்தினால் அதன் அருகே ஹைட்ரஜன் இறங்குவது எளிதாகும் என்கின்றன கணக்கீடுகள். சென்னை ஐஐடியில் பி. விஸ்வநாதன் குழுவும் வேற்று அணு சேர்ந்த கரியில் ஹைட்ரஜன் சேமிப்பதை ஆராய்ந்திருக்கிறது.

நைட்ரஜனின் வேலை கொஞ்சம் வேறு. தாளின் விளிம்பில் உட்காரும் நைட்ரஜனிடம் பிணையாத எலக்ட்ரான் இணை ஒன்று இருக்கும். அது உலோகத்தைப் பிடித்து நிறுத்துவதால், சூட்டில் துகள்கள் ஊர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துப்போவது குறைகிறது. உலோகத்தின் எலக்ட்ரான் அடர்த்தியும் மாறுவதால் ஹைட்ரஜன் மீதான பிடியும் மாறும். பிடி இறுகினால் ஹைட்ரஜன் கிளம்பாது, தளர்ந்தால் வந்து ஒட்டவே ஒட்டாது. நடுவாந்தரமே உத்தமம் என்பது சபாட்டியே விதி. ஃபார்மிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது இதன் பலன் தெரிகிறது. கிலோவுக்குச் சுமார் 44 கிராம் ஹைட்ரஜன் உள்ள திரவம் அது. நைட்ரஜன் கலந்த கரி அமிலத்தின் புரோட்டானை வாங்கிக்கொள்ள, மிச்சமுள்ள ஃபார்மேட்டைப் பல்லேடியம் உடைக்கிறது.

கரியில் வழிந்தோடும் ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கலாம் என்று 2000-களில் வந்த பெரிய எண்களை மட்டும் நான் முழுசாக நம்ப மாட்டேன். வேறு கூடங்களில் திரும்பச் செய்தபோது பல சுருங்கிவிட்டன. அளவீட்டுப் பிழை ஒரு காரணம். தாங்கியின் ஆக்சிஜன் தொகுதிகளோடு சேர்ந்து தண்ணீராகிப்போன ஹைட்ரஜனும் சேமித்த கணக்கில் ஏறிவிடும்.

தேயிலைக் கரியிலும் ஒரு சிக்கல் உண்டு. சாம்பலில் பொட்டாசியமும் கால்சியமும் இருக்கும். அமிலத்தில் கழுவாமல் பல்லேடியத்தைப் பதித்தால் வினையின் வேகம் கூடியது நைட்ரஜனாலா, பொட்டாசியத்தாலா என்று சொல்ல முடியாது. யூரியா சேர்த்த சீகைக் கரி, சேர்க்காத சீகைக் கரி, கழுவிய தேயிலைக் கரி மூன்றையும் ஒரே அளவு உலோகத்தோடு அதே வினையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டி முடித்ததை வடிதாளில் காயவிடக் கூடாது. ஹைட்ரஜன் குடித்த பல்லேடியக் கரி காய்ந்து காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். நனைத்தே வைக்க வேண்டும்.